சர்க்கரையின் பாராட்டுகள்

ஜனவரி 12

அன்புள்ள சர்க்கரைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அத்தானின் இடுப்பு வலி மட்டும் அழையாத விருந்தாளியாக வந்து உட்கார்ந்துகொண்டு கிளம்ப மாட்டேன் என்கிறது. உன் மனைவி எப்படி இருக்கிறாள்? என் மருமகள், அதாவது உன் அருமை மகள், ஒழுங்காகப் படிக்கிறாளா, இல்லை உன்னைப் போலப் படித்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறாளா?

நாம் இன்னும் கடிதம் எழுதிக்கொள்வது பட்டறையில் பெரிய வேடிக்கை. "உங்க தம்பி என்ன ஜெயில்லயா இருக்காரு?" என்று கேட்டாள் கடைசி மேசைப் பெண். முதலீட்டுக் கம்பெனியில் பேசுகிற பேச்சு, அனுப்புகிற செய்தி எல்லாம் பதிவாகும், வீட்டு விஷயத்தை யாரோ உட்கார்ந்து கேட்பது என் தம்பிக்குப் பிடிக்காது என்று விளக்கினேன். "அப்ப ஜெயில்தான்" என்று சொல்லிவிட்டு சாலிடர் வைக்கப் போய்விட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். சுகாதாரத் துறை எங்கள் கருவியை எடுத்துக்கொள்ளும் போலிருக்கிறது. தடுப்பூசிப் பெட்டியில் குளிர் குறைந்தால் ஊரைக் கூட்டிக் கத்துமே, அதேதான். இதுவரை சின்னச் சின்ன மருத்துவமனைகளுக்கு ஒன்றிரண்டாகக் கொடுத்துவந்தோம். மொத்தமாகக் கேட்டால், பாகங்கள் வாங்கவும் பக்கத்துக் கூடத்தை எடுக்கவும் கையில் பணம் வேண்டும். வங்கிக்குப் போனேன். வட்டியைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். ஏன் கொடுத்தார்கள் என்று புரிந்தது.

உங்கள் கம்பெனி சிறு நிறுவனங்களிடம் விண்ணப்பம் கேட்டிருப்பதைப் பார்த்தேன். போடட்டுமா? உனக்குச் சங்கடம் என்றால் சொல்லிவிடு. ஆனால் நேராகச் சொல். உன் பாணியில் சொல்லாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் நலம். எனக்குத்தான் கண்ணாடியின் பவர் ஏறியிருக்கிறது, வட்டியோடு போட்டி போட்டுக்கொண்டு. அத்தானை நாற்காலியில் தலையணை வைத்து உட்காரச் சொல்.

தாராளமாகப் போடு. நீ என் அக்கா என்று ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் கோப்பை நான் தொடக் கூடாது. தொடவும் தேவையில்லை, இப்போதெல்லாம் முதல் சல்லடை இயந்திரம்தான். வருகிற விண்ணப்பங்களை அதுதான் படிக்கிறது. அது தேர்ந்தெடுத்துக் கொடுப்பவற்றைத்தான் குழு பார்க்கிறது. நாங்கள் ஒரு கூட்டமாக உட்கார்ந்திருந்த அறையில் இப்போது நானும் இன்னொருவரும் மட்டும். என் பக்கத்து நாற்காலியில் பிரிண்டர் உட்கார்ந்திருக்கிறது. நல்ல பையன், லீவு கேட்பதில்லை.

என்னை ஏன் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? இயந்திரத்துக்குப் பாடம் சொன்னது நான். ஒவ்வொரு கம்பெனிக்கும் நேரில் போய், வாசல் காவலாளியோடு டீ குடித்து, கழிப்பறை வரைக்கும் எட்டிப் பார்த்து அறிக்கை எழுதுவேனே, பதினைந்து வருட அறிக்கை அத்தனையையும் அதற்குக் கொடுத்தோம். எதற்குப் பணம் கொடுத்தோம், எதற்குக் கொடுக்கவில்லை என்பதையும் கூடவே சொன்னோம். மற்றதை அதுவே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஆகவே ஒரு வகையில் உன் விண்ணப்பத்தை நானே படிக்கிற மாதிரி. நீ ஏன் கவலைப்படுகிறாய்?

ஒன்றே ஒன்று. இந்த வருஷ பட்ஜெட்டில் ஏ.ஐ. கம்பெனிகளில் போடும் பணத்துக்கு வரிச் சலுகை கொடுத்திருக்கிறார்கள். வருஷம் முடிவதற்குள் போட்டுவிட வேண்டும். ஏற்கெனவே வட்டி ஏறியதால் பணக்காரர்கள், "பேங்க்ல போட்டாலே வருதே, உங்ககிட்ட எதுக்கு?" என்கிறார்கள். அவர்களைப் பிடித்து வைக்க இந்தச் சலுகையை விட்டால் எங்களுக்கு வேறு கயிறு இல்லை. அதனால் உன் விண்ணப்பத்தில் எங்காவது ஏ.ஐ. என்று வரட்டும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்.

உன் தம்பி


பிப்ரவரி 19

அன்புள்ள சர்க்கரைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தானுக்குத் தலையணை வைத்தேன். அதன் மேல் உட்கார்ந்து தூங்குகிறார். மற்றபடி நலம். கண்ணாடியை மாற்றிவிட்டாயா?

விண்ணப்பம் போட்டாகிவிட்டது. ஏ.ஐ. போடவில்லை. கோபித்துக்கொள்ளாதே. மேசையைச் சுற்றி உட்கார்ந்து யோசித்துத்தான் பார்த்தோம். குளிர் குறைந்தால் கத்த வேண்டும். அதற்கு எதற்குப் புத்தி? கடைசி மேசைப் பெண் சொன்னாள்: "என் மாமியாருக்கு இருக்கிற அளவு போதும்மா, அவங்க யோசிக்கவே மாட்டாங்க, கத்துவாங்க." இதற்கு மேல் அந்தக் கருவியை யாராலும் விளக்க முடியாது.

உள்ளதை உள்ளபடி எழுதினேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தொகுதியில் பேட்டரி சரியில்லை என்று தெரிந்ததும் எங்கள் செலவில் எல்லாவற்றையும் திரும்ப வாங்கினோமே, அதையும் எழுதினேன். அந்த வருஷம் லாபம் இல்லை என்பதையும் எழுதினேன். யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை என்பதையும்.

போன வாரம் ஒரு நர்ஸம்மா கூப்பிட்டார். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம், பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு யாரோ செல்போனை சார்ஜ் போட்டிருக்கிறார்கள். கருவி கத்திய கத்தில் இரண்டு தெரு தள்ளி இருந்த டாக்டர் கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தாராம். "மருந்து தப்பிச்சுது, என் காதுதான் போச்சு" என்றார். எனக்கு அன்றைக்கு முழுவதும் கால் தரையில் பாவவில்லை.

ஊரில் உள்ள பட்டறை எல்லாம் ஏறி இறங்கியவன் எங்கள் வாசலை மட்டும் நீ மிதித்ததே இல்லை. விதிமுறை என்பாய். சரி. விண்ணப்பம் முடிந்ததும் விதிமுறையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு ஒரு நாள் வா.

உன் அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். புதுக் கண்ணாடி வந்துவிட்டது. மகள் பார்த்துவிட்டு, "அப்பா, ஆந்தை மாதிரி இருக்கே" என்றாள். அவளுடைய கல்லூரிச் செலவு எவ்வளவு என்று அந்தக் கண்ணாடியில்தான் முதலில் பார்த்தேன். அத்தானுக்கு வணக்கம்.

உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை, கொஞ்சம் பவுடர் போடச் சொன்னேன். போகட்டும். போன வாரம் எதற்குப் பணம் கொடுத்தோம் என்று கேட்டால் நீ சிரிப்பாய். யாருக்கு எப்போது தலைமுடி கொட்டும் என்று முன்கூட்டியே சொல்லும் செயலி. எனக்கு அதை ஒரு சாதாரண நிலைக்கண்ணாடி பல வருஷங்களாக இலவசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

வேலை மாறிவிட்டது, அக்கா. முன்பெல்லாம் எனக்குப் பிடித்த கம்பெனிக்கு நாலே வரி எழுதுவேன். "கருவி பார்த்தேன். ஆட்களைப் பார்த்தேன். கணக்கு சரி. செய்யலாம்." குழுவுக்கு அது போதும், மற்றதை நேரில் பேசிக்கொள்வோம். வேண்டாம் என்று சொல்ல வேண்டிய கம்பெனிக்குத்தான் மனசு கேட்காது. ராத்திரி பகலாக உழைக்கிறார்கள், சந்தை சின்னது, என்ன செய்வது? அவர்களுடைய நாணயம், பொறுமை, தொழிலாளிகளிடம் நடந்துகொள்ளும் விதம் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக எழுதி வைப்பேன். பணம்தான் கிடைக்கவில்லை, கோப்பிலாவது நாலு நல்ல வார்த்தை இருக்கட்டும் என்று. இப்போது எழுதவும் வேண்டாம். இயந்திரமே அழகாகப் பதில் எழுதி அனுப்பிவிடுகிறது.

முடிவு அடுத்த மாதம் வரும். எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

உன் தம்பி


ஏப்ரல் 22

அன்புள்ள சர்க்கரைக்கு,

நீங்கள் எல்லோரும் நலமா? நாங்கள் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

உங்கள் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. அப்படியே எழுதுகிறேன், கேள். "தவறை மறைக்காமல் ஒப்புக்கொள்ளும் தங்கள் நேர்மை போற்றத்தக்கது. தொழிலாளர்களை இத்தனை காலம் உடன் வைத்திருப்பது இன்று அரிதான பண்பு. அவசரப்படாத தங்கள் பொறுமை வியக்க வைக்கிறது. இக்காரணங்களால் தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை."

முதல் மூன்று வரியைப் பட்டறையில் சத்தமாகப் படித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். நாலாவது வரியை மனதுக்குள் படித்தேன்.

முதலில் அழுகை வந்தது. பிறகு சிரிப்பு வந்தது, ஏனென்றால் இந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். அடுத்த வீட்டுப் பையன் உன் சைக்கிளைக் கேட்டானே, ஞாபகம் இருக்கிறதா? அவன் எவ்வளவு அழகாக ஓட்டுகிறான், அவனுக்கு என்ன பலமான கால், அவனைப் போல் இந்தத் தெருவிலேயே ஆள் இல்லை என்று நீ சொல்லச் சொல்ல, அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான். போய்ச் சேர்ந்த பிறகுதான் சைக்கிள் கிடைக்கவில்லை என்று அவனுக்கு உறைத்தது. அன்றைக்குத்தான் அப்பா உனக்குச் சர்க்கரை என்று பெயர் வைத்தார். உன் வாயிலிருந்து பாராட்டு வந்தால் எது கிடைக்கவில்லை என்றுதான் இன்றைக்கும் நான் முதலில் தேடுவேன்.

உன் சிஷ்யப்பிள்ளை உன்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறான். ஆனால் ஒன்று யோசித்தேன், தம்பி. பணம் கொடுத்த இடத்துக்கெல்லாம் நாலு வரி, கொடுக்காத இடத்துக்கெல்லாம் பக்கம் பக்கமாகப் பாராட்டு என்று நீதானே எழுதினாய்? பதினைந்து வருஷம் அதையே படித்தவன் என்ன கற்றுக்கொண்டிருப்பான்? நேர்மை என்று எங்கே கண்டாலும், பொறுமை என்று எங்கே கண்டாலும், அங்கே பணம் போகக் கூடாது என்றுதானே?

நான் சொல்வது தப்பாக இருக்கலாம். நீ பார்த்துச் சொல்.

உன் அக்கா


ஜூன் 3

அன்புள்ள சர்க்கரைக்கு,

நலமா? ஏப்ரலில் ஒரு கடிதம் எழுதினேன். தபாலில் தொலைந்திருக்கும் என்று அத்தான் சொல்கிறார். அவர் நல்ல மனிதர்; தபால்காரரின் மேல் பழி போட்டாவது மச்சானைக் காப்பாற்றுவார். இடுப்பு வலி இப்போது காலுக்கு இறங்கியிருக்கிறது.

சுகாதாரத் துறையில் ஆர்டரை உறுதி செய்துவிட்டார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் முதல் தொகுதி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். வெண்ணெய் திரண்டு வருகிறது, தாழியைத்தான் பயத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். வங்கியில் வட்டி மறுபடி ஏறிவிட்டது. இன்னும் இரண்டு முதலீட்டுக் கம்பெனிகளிடம் கேட்டேன். "உங்கள் கருவி என்ன கற்றுக்கொள்கிறது?" என்று இரண்டு இடத்திலும் ஒரே கேள்வி. ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை, வேலை செய்கிறது என்றேன். அத்தோடு சரி.

ஒரு வரி போதும். எழுது.

உன் அக்கா


ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. நாங்கள் நலம். இங்கே ஒரே மழை. ஆபீஸ் கூரையில் ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறார்கள். பல கோடியை ஆளுகிற கம்பெனிக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி. அத்தானை வேறு டாக்டரிடம் காட்டிப் பாரேன். வலி காலுக்கு இறங்கினால் விட்டுவைக்கக் கூடாது.

மகளுக்கு அவள் கேட்ட கல்லூரியிலேயே இடம் கிடைத்துவிட்டது. வீட்டுக் கடனின் தவணையும் உங்கள் வட்டியோடு சேர்ந்து ஏறிவிட்டது. நாம் எல்லோரும் ஒரே படகில்தான் இருக்கிறோம். இயந்திரம் இந்த வருஷம் நன்றாகச் செய்கிறது என்று தலைவருக்குச் சந்தோஷம். சலுகைக்காக வந்த பணம் எல்லாம் ஏ.ஐ. கம்பெனிகளுக்குள் போய்விட்டது. அதற்காக எனக்குப் பதவி உயர்வு கொடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நீ கேட்டதைப் பார்த்தேன். பழைய அறிக்கைகளை ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து படித்தேன். இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மழை நின்றதும் விரிவாக எழுதுகிறேன்.

உன் தம்பி


ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

மருமகளுக்கு என் வாழ்த்து. அவளுக்கு என்று ஒரு சின்னத் தொகை எடுத்து வைத்திருந்தேன், பிறகு அனுப்புகிறேன். அத்தான் வேறு டாக்டரைப் பார்த்தார். அவரும் தலையணையைத்தான் சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும்" என்று நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். நீ பார்த்தாயிற்று, தம்பி. பார்த்தது உனக்குப் புரிந்தும் விட்டது. எனக்கு உன்னைத் தெரியும்.

குழு ஒவ்வொரு ஜூலைக் கடைசியிலும் கூடும் என்று போன வருஷம் சொல்லியிருந்தாய். அங்கே எழுந்து நின்று சொல்லிவிடு. "பாடம் தப்பா போயிருக்கு, நான்தான் சொல்லிக்கொடுத்தேன், திருத்தணும்" என்று சொன்னால் போதும். எனக்குப் பணம் கொடுக்கச் சொல்லிக் கேட்காதே. நான் உன் அக்கா, அது முறையும் இல்லை. ஆனால் விண்ணப்பங்களை மனிதர்கள் மறுபடி படிக்கட்டும். என்னைப் போல எத்தனை பேர் அந்த அழகான கடிதத்தை வாங்கியிருப்பார்கள்? அவர்களில் பாதிப் பேர் இன்னும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்துகொண்டிருப்பார்கள், அந்தச் சைக்கிள் பையனைப் போல.

உன் வேலைக்கு ஆபத்து வரும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கல்லூரி இருக்கிறது, வீட்டுக் கடன் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதி இரண்டு நாள் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். பிறகு பட்டறைக்குப் போனேன். பெண்கள் ஆர்டர் வந்த சந்தோஷத்தில் மேசைகளை நகர்த்தி, புது மேசைக்கு இடம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து தபாலில் போடுகிறேன்.

முடியும் என்றால் முடியும் என்று எழுது. முடியாது என்றால் முடியாது என்று எழுது. உன் மேல் எனக்குக் கோபம் வராது.

உன் அக்கா


ஜூலை 29

என் அன்புக்குரிய அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் எல்லோருடைய ஆசை.

உன் கடிதத்தைப் படித்து நெகிழ்ந்துபோனேன். உன்னைப் போல் ஒரு அக்கா யாருக்குக் கிடைப்பாள்? அப்பா போன பிறகு நீ உன் படிப்பை மாலை வகுப்புக்கு மாற்றிக்கொண்டு என்னைப் படிக்க வைத்தாய். ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. பட்டறை தொடங்கியபோது எல்லோரும் சிரித்தார்கள், நீ யாரையும் பார்த்துத் திருப்பிச் சிரிக்கவில்லை. பேட்டரி விஷயத்தில் நீ நடந்துகொண்டதைப் போல் நடக்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? நான் எத்தனையோ கம்பெனிகளைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு நாணயமாகத் தொழில் செய்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

உன் பொறுமை எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான். என் மகளிடம் உன்னைத்தான் சொல்லி வளர்க்கிறேன். "அத்தை மாதிரி இரு" என்பேன். அத்தானும் சாதாரண மனிதரா? அத்தனை வலியோடு ஒவ்வொரு கருவியையும் தன் கையால் சரிபார்க்கிறாரே. உங்கள் பட்டறைப் பெண்கள் கொடுத்து வைத்தவர்கள்.

குழுக் கூட்டம் நல்லபடியாக முடிந்தது. உன் நல்ல மனதுக்கு எல்லாம் நன்றாகவே நடக்கும்.

என்றும் உன் அன்புத் தம்பி


செப்டம்பர் 15

தம்பிக்கு,

நலம். நலம்தானே நீங்களும்?

உன் கடிதம் வந்த அன்றைக்கே படித்துவிட்டேன். பதில் எழுதத்தான் கை வரவில்லை. அத்தான், "என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டார். "முடியாதுன்னு எழுதியிருக்கான்" என்றேன். கையில் வாங்கி முதலிலிருந்து கடைசி வரைக்கும் படித்துவிட்டு, "எங்கேயும் அப்படி இல்லையே, உன்னை எவ்வளவு உயர்வா எழுதியிருக்கான்" என்றார். அவருக்கு உன்னைத் தெரியாது.

கோபம் வராது என்று எழுதியிருந்தேன். வந்தது. இப்போது இல்லை. வருத்தம்தான் இருக்கிறது, அதுவும் நீ மறுத்ததற்காக இல்லை. என்னிடமும் அப்படி மறுத்தாயே என்பதற்காக.

ஆர்டர் அடுத்தவருக்குப் போய்விட்டது. பட்டறையை விற்றுவிட்டோம். வாங்கியவர்கள் இப்போது பெருத்துக்கொண்டிருக்கும் ஒரு கம்பெனி. உங்கள் பணம் அங்கேயும் இருக்கிறதோ என்னவோ, நான் கேட்கவில்லை. அவர்களுக்கு எங்கள் கருவி வேண்டாம். எந்தெந்த மருத்துவமனை எங்களிடம் வாங்கியது என்ற விவரமும் எங்கள் பெயரும்தான் வேண்டும். குளிர் எப்போது குறையும் என்று முன்கூட்டியே சொல்கிற கருவி கொண்டுவருகிறார்களாம், மாதச் சந்தாவில். "சத்தம் போடாதா?" என்று கேட்டேன். "மெசேஜ் போகும் மேடம்" என்றான் வந்த பையன். பிளக்கைப் பிடுங்குகிறவன் அந்த மெசேஜைப் படிப்பானா என்று கேட்க வாயெடுத்தேன். விட்டுவிட்டேன்.

கடைசி நாள் மீதமிருந்த கருவிகளை எல்லாம் பெண்கள் ஒரே நேரத்தில் கத்த விட்டார்கள். தெருவே வந்து எட்டிப் பார்த்தது. கடைசி மேசைப் பெண் அந்த இரைச்சலில் என் காதருகே வந்து ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொல் என்றேன், தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு நான் அழுத அழுகையை அப்பா போனபோதுகூட அழவில்லை. அவளுக்கு இப்போது அந்தக் கம்பெனியிலேயே போன் எடுக்கிற வேலை. பேசுவதற்கு அவளுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

பழைய கருவிகளை அவர்கள் பழுது பார்க்க மாட்டார்களாம். நர்ஸம்மா நேற்றுக் கூப்பிட்டு, "கெட்டுப்போனா நாங்க யார்கிட்டம்மா போறது?" என்று கேட்டார். அதனால் எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு மேசை போட்டிருக்கிறேன். கொண்டுவருகிறவர்களுக்குப் பார்த்துக் கொடுக்கலாம், தூரத்தில் இருப்பவர்களுக்குப் பையை எடுத்துக்கொண்டு நானே போகலாம் என்று யோசனை. இதில் வருமானம் இல்லை என்று எனக்கும் தெரியும். அத்தானுக்கு அலைய முடியாது. ஒரு ஆள் கூட இருந்தால் நன்றாக இருக்கும், பார்ப்போம்.

மருமகளுக்கு எடுத்து வைத்த தொகையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அவளை அத்தை மாதிரி இருக்கச் சொல்லாதே, பாவம்.

அக்கா


நவம்பர் 9

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே இத்தனை நாள் ஆபீஸ் போய் வந்தேன்.

ஜூலைக் கூட்டத்தில் நான் அதைச் சொல்லவில்லை. எழுந்து நின்றேன். தலைவர், "என்ன, ஏதாவது சொல்லணுமா?" என்றார். ஏ.சி. அதிகமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு மாலைதான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். எழுதும்போது அதில் இருந்ததெல்லாம் உண்மை என்றுதான் நினைத்தேன். உண்மைதான். அதுதான் எனக்கு இப்போது தாங்கவில்லை.

போன மாதக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். பழைய அறிக்கைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இயந்திரம் என்ன கற்றுக்கொண்டது, ஏன் அப்படிக் கற்றுக்கொண்டது, யாரால் என்று முழுவதையும் சொன்னேன். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். தலைவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த நேர்மை எல்லாருக்கும் வராது. பதினஞ்சு வருஷம் எவ்வளவு பொறுமையா எங்களுக்காக உழைச்சிருக்கீங்க. உங்களை மாதிரி ஒருத்தர் கிடைக்கிறது எங்க அதிர்ஷ்டம்" என்றார். நானும் சிரித்துக்கொண்டே என் இடத்துக்கு வந்தேன். நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

இந்த மாதத்தோடு எனக்கு வேலை இல்லை. இயந்திரத்தை மாற்றவில்லை. லாபம் வந்துகொண்டிருக்கும்வரை மாற்ற மாட்டார்கள். வீட்டை விற்றுச் சின்ன வீட்டுக்குப் போகிறோம். மனைவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மகள் மாலையில் வேலைக்குப் போகிறேன் என்கிறாள். அது யாரைப் பார்த்து வந்த யோசனை என்று உனக்குத் தெரியும்.

ஜூலையில் சொல்லியிருந்தால் உன் மேசைகள் அங்கேயே இருந்திருக்குமா என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். இருந்திருக்காது என்று சில நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். நம்ப முடியவில்லை.

ஒரு ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தாய். பையைத் தூக்கவும், பஸ் பிடிக்கவும், மருத்துவமனை வாசலில் காவலாளியோடு டீ குடிக்கவும் எனக்குத் தெரியும். சாலிடர் வைக்க நீ சொல்லிக்கொடு. ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன்.

கருவி பார்க்கவில்லை. பட்டறை பார்க்கவில்லை, இனிப் பார்க்கவும் முடியாது. கணக்கு சரியில்லை. செய்யலாம்.

தம்பி